ஒரு சிறு சுருட்டின் சுவை

(இணையவழி இலக்கியச் சந்திப்பில், லண்டனிலிருந்து நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

லண்டனில் இப்போது மதியம் இரண்டு மணி. டொரண்டோவில் சிலர் காலைக் காபியோடு உட்கார்ந்திருப்பீர்கள். சிங்கப்பூரில் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும்.

போன மாதம் இந்தத் தலைப்பைச் சொன்னபோது அமைப்பாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சிஸ்டர், நீங்கள் வேலை பார்ப்பது வாய், தொண்டைப் புற்றுநோய் வார்டில்தானே?" என்று கேட்டார். ஆமாம், அங்கேதான். திருச்சியில் மூன்றரை வருடம் நர்சிங் டிப்ளமோ படித்துவிட்டு வந்தவள் நான். லண்டனில் பல வருடங்களாக இந்த நோயாளிகளோடுதான் என் பகலும் இரவும். சுருட்டைச் சுவைத்து மதிப்பெண் போடுகிறவர்கள் இலையைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். அந்தச் சுவையை அறிகிற வாயைப் பற்றி எழுதுவதில்லை. எனக்கு இலையைவிட வாயை நன்றாகத் தெரியும். அதனால் பேசலாம் என்று துணிந்தேன்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். ஆங்கிலத்தில் 'செரூட்' என்று ஒரு சொல் உண்டு. அது நம்முடைய 'சுருட்டு'தான். சுருட்டப்பட்டது, அதனால் சுருட்டு. 17ஆம் நூற்றாண்டிலேயே அது ஆங்கிலத்துக்குள் போய்விட்டது. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் லண்டனில் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியில் அதற்குத் தனிப் பதிவே இருக்கிறது. மறு வருடம், 1887இல், ஆர்தர் கோனன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸை முதல்முறையாக உலகத்துக்குக் காட்டினார். 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' என்ற அந்த நாவலில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். கறுப்பான சாம்பல், செதில் செதிலாக உதிர்வது. லண்டன் வாசகனுக்கு அன்றைக்கு 'ட்ரிச்சினாப்பொலி' என்ற பெயரை விளக்க வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கடையில் வாங்குகிற பொருளின் பெயர் அது.

அந்த ட்ரிச்சினாப்பொலியில், உறையூரில், என் அப்பாவின் அப்பா சுருட்டுச் சுற்றினார். இலை பெரும்பாலும் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வரும். வேடசந்தூரில் இன்றும் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருச்சிச் சுருட்டுக்கு இரண்டு முனையும் திறந்திருக்கும். கியூபாச் சுருட்டைப் போல ஒரு முனையை மூடி, பிறகு அதை வெட்டக் கத்தி தேடுகிற வேலை இல்லை.

தாத்தாவுக்கு மதிப்பெண் போடத் தெரியாது. ஆனால் மதிப்பிடத் தெரியும். சுற்றிய சுருட்டைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். காதுக்குப் பக்கத்தில் வைத்து லேசாக உருட்டுவார். சடசடவென்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது. சத்தமே வராவிட்டால் ஈரம் அதிகம். வாயில் வைத்து நெருப்பில்லாமல் ஓர் இழுப்பு இழுப்பார். காற்று வராவிட்டால், "இதுக்கு மூச்சு இல்ல" என்று ஒதுக்கிப் போடுவார். இங்கே லண்டனில் சுருட்டு வல்லுநர்கள் 'டிரா' என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தாத்தாவின் 'மூச்சு' அதைவிடச் சரியான சொல் என்று எனக்குத் தோன்றுகிறது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

தாத்தா வேலை பார்த்த கொட்டகையில் எழுத்துத் தெரிந்த ஒரு பையன் தினத்தந்தியைச் சத்தமாக வாசிப்பானாம். கை சுற்றிக்கொண்டிருக்கும், காது கேட்டுக்கொண்டிருக்கும். தாத்தா பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் நாட்டு நடப்பு அத்தனையும் பேசுவார். பல வருடம் கழித்துத்தான் கியூபாவில் இதற்கென்றே ஒரு பதவி இருந்ததைப் படித்தேன். 1865இல் ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் வாசிப்பாளர்கள் வந்தார்கள். சுருட்டுத் தொழிலாளியும் கவிஞருமான சதுர்னினோ மார்த்தினேஸ் அதற்கு முன்நின்றவர்களில் ஒருவர். அடுத்த வருடமே அரசாங்கம் தடை போட்டது. ஆனாலும் வழக்கம் அழியவில்லை. 1935இல் வந்த 'மான்டேகிறிஸ்டோ' என்ற சுருட்டின் பெயர், தொழிலாளர்கள் கேட்டு ரசித்த அலெக்சாண்டர் டூமாவின் நாவலிலிருந்து வந்தது. இலக்கியக் கூட்டத்தில் சுருட்டைப் பற்றிப் பேச எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இனிச் 'சிறு சுருட்டு' என்றால் எவ்வளவு சிறியது என்று பார்ப்போம். சுருட்டின் பருமனை ஓர் அங்குலத்தை 64 பாகமாகப் பிரித்து அளக்கிறார்கள். 'சர்ச்சில்' என்று பெயர் வைத்த அளவு 178 மில்லிமீட்டர் நீளம், 47 பருமன். ஒன்றரை மணி நேரம் வரைகூட எரியும். நான் சுவைத்துப் பார்த்தது 'ஹாஃப் கரோனா' என்ற அளவு. நீளம் 90 மில்லிமீட்டர், பருமன் 44. அதாவது சர்ச்சிலில் பாதி நீளம். என் நடுவிரலைவிடக் கொஞ்சம் பெரியது. அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அவசர உலகத்துக்கு ஏற்ற சுருட்டு என்று விற்கிறார்கள்.

நான் புகைப்பவள் இல்லை. இந்த உரைக்காகத்தான் பிடித்துப் பார்த்தேன். இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 முதல் பொது இடத்தில் கூரைக்குக் கீழே புகைக்க முடியாது. ஆனால் சட்டத்தில் ஒரு சிறிய விலக்கு உண்டு. சுருட்டும் பைப் புகையிலையும் விற்கிற தனிக் கடைகளில், வாங்குகிறவர் சுவைத்துப் பார்க்கலாம். சிகரெட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. லண்டனில் இப்படிப்பட்ட கடைகளுக்குப் பேர்போன தெரு செயின்ட் ஜேம்ஸ் தெரு. அதில் 19ஆம் எண் கடை 1787இல் தொடங்கிய வியாபாரத்தின் தொடர்ச்சி. சர்ச்சில் 1900 ஆகஸ்டில் அங்கே கணக்குத் தொடங்கினார். அவர் திருச்சிச் சுருட்டுத்தான் பிடித்தார் என்று எங்கள் ஊரில் சொல்லாத ஆள் கிடையாது. லண்டனில் கேட்டால் கியூபாச் சுருட்டைத்தான் சொல்வார்கள்.

அப்படியொரு கடையின் மாடியில், சுருட்டுப் பழக்கமுள்ள எழுத்தாள நண்பர் ஒருவர் சொல்லிக்கொடுக்க, நான் சுவைத்ததைச் சொல்கிறேன்.

முதலில் கண். மேலிலை வழவழப்பாக, மெல்லிய நரம்புகளோடு இருக்க வேண்டும். நிறம் காய்ந்த நாவல் கொட்டையைப் போல இருந்தது. அடுத்து விரல். ஒரே சீராக அழுந்தியது, நடுவில் கல் போன்ற முடிச்சு இல்லை. அடுத்து மூக்கு. பற்றவைக்காத சுருட்டில் முதலில் வந்தது மாட்டுத் தொழுவத்து வாசனை. அருவருப்பாகச் சொல்லவில்லை. வைக்கோலும் சாணமும் காலை வெயிலும் கலந்த வாசனை. நண்பரிடம் சொன்னேன். "சரிதான், ஆங்கிலத்திலும் அப்படித்தான் சொல்வார்கள்" என்றார். முனையை வெட்டி நெருப்பில்லாமல் இழுத்தபோது உலர்ந்த திராட்சை. மூச்சு நன்றாக இருந்தது.

பற்றவைத்த பிறகு சுருட்டை மூன்று பாகமாகப் பிரித்துச் சுவைக்கச் சொல்கிறார்கள். புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது. வாயில் வைத்திருந்து விட வேண்டும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். சிறு சுருட்டில் இது இன்னும் முக்கியம். நெருப்புக்கும் உதட்டுக்கும் இடைவெளி குறைவு, அவசரப்பட்டால் புகை சுட்டுவிடும். முதல் பாகத்தில் மிளகுக் காரம், பின்னால் கொத்தமல்லி விதையை வறுக்கிற மணம். இரண்டாவது பாகம்தான் நன்றாக இருந்தது. மரம் அறுக்கிற பட்டறை, இனிப்பில்லாத கோகோ, நாக்கின் ஓரத்தில் லேசான துவர்ப்பு. சாம்பல் வெளிர்சாம்பல் நிறத்தில் இரண்டு சென்டிமீட்டர் வரை உதிராமல் நின்றது. உள்ளே இலை நீளமாக, ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதன் அடையாளம் அது. மூன்றாம் பாகத்தில் சூடு ஏறி, காட்டமாகி, தொண்டை கமறியது. அங்கே வைத்துவிட்டேன். வேலைப் பழக்கத்தில் நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டேன். உட்கார்ந்தபோது 72, வைத்தபோது 90. தலை லேசாகக் கிறுகிறுத்தது. புகையை விழுங்காமலே இவ்வளவு.

காரம், காட்டம், கமறல், நெடி, துவர்ப்பு. பாருங்கள், நம்மிடம் சொற்கள் இருக்கின்றன. கமறலுக்கும் நெடிக்கும் உள்ள வித்தியாசத்தை ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் சொல்ல முடியாது. கமறல் தொண்டையில், நெடி மூக்கில். ஆனால் தமிழில் யாரும் சுருட்டுக்கு மதிப்புரை எழுதவில்லை. சுற்றினவர்கள் எழுதவில்லை, வாங்கினவர்கள் ஆங்கிலத்தில் எழுதினார்கள். அதனால் சொல்லை நாம் கொடுத்தோம், சுவையை மற்றவர்கள் விவரித்தார்கள்.

ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஓர் உறையூர்ச் சுருட்டையும் இன்னொரு நாள் வீட்டுத் தோட்டத்தில் பற்றவைத்து நான்கு இழுப்பு இழுத்தேன். மண் வாசனை, கருகிய வெல்லம், பிறகு ஒரே காட்டம். சாம்பல் கறுப்பாகத்தான் விழுந்தது. ஹோம்ஸ் என் கணக்கில் தேர்ச்சி பெற்றுவிட்டார்.

இப்போது அந்த மாடி அறையில் நான் கற்ற ஒரு வித்தைக்கு வருகிறேன். வாயில் உள்ள புகையில் கொஞ்சத்தை மூக்கு வழியாக வெளியே விட வேண்டும் என்று நண்பர் சொன்னார். அப்படிச் செய்தபோது, அதுவரை வெறும் காரமாக இருந்தது கொத்தமல்லியாகவும் மரமாகவும் பிரிந்தது. நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சிலதான். மற்ற எல்லாமே வாயின் பின்பக்கமாக மூக்குக்குப் போகிற காற்றில்தான் இருக்கின்றன. ஜலதோஷம் பிடித்தால் சாம்பாரும் ரசமும் ஒன்றாகிவிடுவது அதனால்தான்.

இந்த வித்தையை நான் வேறு விதமாக ஏற்கெனவே அறிவேன். குரல்வளையில் புற்றுநோய் வந்து அதை முழுவதும் எடுத்துவிட்டால், கழுத்தில் உள்ள ஒரு துளை வழியாகத்தான் மூச்சு. மூக்குக்குக் காற்றே போகாது. மூக்கு நன்றாக இருக்கும், ஆனால் மணம் தெரியாது. மணம் போனால் சுவையும் பாதிக்கு மேல் போய்விடும். இதற்கு நெதர்லாந்து மருத்துவர்கள் 2000இல் ஒரு பயிற்சியை வெளியிட்டார்கள். 'மரியாதையான கொட்டாவி' என்று அதற்குப் பெயர். பெரியவர்கள் முன்னால் உதட்டை மூடிக்கொண்டு கொட்டாவியை அடக்குவோமே, அதே அசைவு. உதடு மூடியிருக்க, தாடையையும் நாக்கின் அடியையும் கீழே இறக்கினால் வாய்க்குள் இடம் உண்டாகி, மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே வரும். அந்தக் காற்றோடு மணமும் வரும்.

ஒரு பெரியவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரர். இளம் வயதில் தென்னிலங்கையில் ஒரு சிங்களக் கிராமத்தில் உறவினரின் சுருட்டுக்கடையில் இருந்தவர். யாழ்ப்பாணத் தமிழர்கள் நடத்திய அந்தக் கடைகளைச் சிங்களத்திலும் 'சுருட்டுக் கடே' என்றுதான் சொல்வார்கள். குரல்வளை போன பிறகு தொண்டையில் பொருத்திய சிறு வால்வின் உதவியால் பேசுவார். "பிள்ளை, முந்தி புகையிலையைக் கையில எடுத்து மணந்தா எந்த ஊர்த் தோட்டம் எண்டு சொல்லுவன்" என்றார். "இப்ப சோறும் பேப்பரும் ஒண்டுதான்."

நாங்கள் காபித் தூள், சீரகம், எலுமிச்சைத் தோல் என்று சின்னச் சின்னக் குப்பிகளில் வைத்துப் பழக்குவோம். கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை மூடிக்கொண்டு, கொட்டாவி. பல நாள் ஒன்றும் இல்லை. "ஐயா, அவசரம் இல்லை, இன்னொருக்கா பார்ப்போம்" என்பேன். மூன்றாவது வாரம் ஒரு நாள் கண்ணைத் திறக்காமலே கழுத்துத் துளையை விரலால் மூடிக்கொண்டு சொன்னார்: "கோப்பி." சீரகத்தை வைத்தேன். கொஞ்சம் பொறுத்து, "ரசம்" என்றார். அவர் மனைவி பக்கத்தில் நின்று அழுதார். அன்று அவர் கொடுத்த மதிப்பீடு இரண்டு சொல்தான். நான் கேட்டதிலேயே மிகக் கவனமான சுவை மதிப்பீடு அது. "ஐயா, புகையிலையைக் கொண்டுவந்து மணக்கத் தரட்டுமா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். சிரித்துவிட்டுத் தலையாட்டினார். "அது பத்தாமலே மணக்கும் பிள்ளை. எனக்கு ஞாபகம் இருக்கு."

தாத்தா சொன்ன 'மூச்சு' சரியான சொல் என்று சொன்னேன் அல்லவா? சுருட்டுக்கு மூச்சு வேண்டும், சுவைப்பவருக்கும் மூச்சு வேண்டும்.

சிறு சுருட்டைப் பற்றி எல்லோரும் சொல்கிற சமாதானங்கள் இரண்டு. நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்பது ஒன்று, சிறியதுதானே என்பது இன்னொன்று.

முதலாவதைப் பார்ப்போம். சிகரெட்டுப் புகையில் அமிலத்தன்மை உண்டு, அதன் நிகோடின் ரத்தத்தில் சேர நுரையீரல் வேண்டும். சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது, வாயின் தோலே அதை உறிஞ்சிவிடும். நெஞ்சுக்குள் இழுக்காமல் என் நாடி 90க்கு ஏறியது அப்படித்தான். சுமை வாய்க்கு மாறுகிறது. இன்னொன்றும் உண்டு. புகையிலையை அடுக்கிவைத்து, புழுங்கவிட்டு, மாதக்கணக்கில் பதப்படுத்தும்போதுதான் பச்சை நெடி போய் நான் ரசித்த அந்தக் கோகோ மணம் வருகிறது. அதே பதப்படுத்தலில்தான் நைட்ரோசமின் என்கிற புற்றுநோய்ப் பொருள்களும் கூடுகின்றன. மணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் பகுதியில், எரிகிற முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிக்கிற வழக்கம் உண்டு. பெரும்பாலும் பெண்கள். 1971இல் வெளியான ஓர் ஆய்வில் 10,169 கிராமத்தாரின் வாயைத் திறந்து பார்த்தார்கள். பாதிப்பு இருந்தது மேலண்ணத்தில், நெருப்பு இருந்த இடத்திற்கு நேர் மேலே.

இரண்டாவது சமாதானத்துக்குப் பதில் லண்டனிலேயே இருக்கிறது. ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் மேர்ஸ்ஃபீல்டு கார்டன்ஸ் 20ஆம் எண் வீடு. சிக்மண்ட் ஃபிராய்டு கடைசி ஒரு வருடம் வாழ்ந்து இறந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். அவருக்குப் பிடித்த சுருட்டுகளில் ஒன்று 'ட்ரபுக்கோ', ஆஸ்திரிய அரசு தயாரித்த, சிறிய, காட்டம் குறைந்த சுருட்டு. சிறியதுதான். ஆனால் ஒரு நாளைக்கு 20 சுருட்டு வரை பிடித்தார். 1923இல் வாயில் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். அடுத்த 16 வருடத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள். மேல்தாடையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, மூக்கையும் வாயையும் பிரிக்க ஒரு செயற்கைத் தட்டு வைத்தார்கள். 1938இல் லண்டன் வந்தபிறகு வியன்னாவிலிருந்து அவருடைய அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹான்ஸ் பிச்லர் இங்கே வந்து மறுபடி அறுத்தார். இவ்வளவுக்கும் நடுவில் சுருட்டை அவர் விடவில்லை.

பணிவிடை செய்தவர் மகள் அன்னா. அந்த வீட்டுக்குப் போனால் எல்லோரும் புகழ்பெற்ற சோபாவைப் பார்ப்பார்கள். எனக்கு அன்னாவின் கைகள்தான் நினைவுக்கு வரும். அந்தத் தட்டைக் கழற்றி, கழுவி, மறுபடி பொருத்துவது எவ்வளவு வலி தரும் வேலை என்று எனக்குத் தெரியும். கடைசி நாட்களில் புண்ணின் நாற்றம் தாங்காமல் அவருடைய செல்ல நாய் அறையின் மூலைக்கு ஒதுங்கிப் படுத்தது என்று அவருடைய மருத்துவர் மாக்ஸ் ஷுர் எழுதியிருக்கிறார். 1939 செப்டம்பர் 23 அன்று அவர் இறந்தார்.

நான் சபைக்குப் போகிறவள். "சிஸ்டர், அப்படியானால் இது பாவமா?" என்று சிலர் கேட்பீர்கள். லண்டனின் மிகப் பெரிய பிரசங்கியார் சார்ல்ஸ் ஸ்பர்ஜன், 1874இல், இன்றிரவு தூங்கப் போகுமுன் தேவனுடைய மகிமைக்காக ஒரு சுருட்டுப் பிடிப்பேன் என்று மேடையிலேயே சொன்னவர். ஊரே கொதித்தது. அவர் பின்வாங்கவில்லை. புகைப்பது தன்னளவில் பாவமில்லை என்பது அவருடைய வாதம். நான் பாவக் கணக்குப் பார்க்கவில்லை. ஆனால் 'அளவு' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன். அது ஒரு சுருட்டின் மில்லிமீட்டரில் இல்லை. நாளைக்கு எத்தனை, வாரத்துக்கு எத்தனை, எத்தனை வருடம் என்பதில் இருக்கிறது. சுங்க அதிகாரிகளுக்கு இது தெரியும். பிரிட்டனுக்கு வருகிறவர் வரியில்லாமல் 50 சுருட்டுக் கொண்டுவரலாம், அல்லது 100 சிறு சுருட்டு. சிறியது என்றால் எண்ணிக்கை இரட்டிப்பாகும் என்பதை அவர்கள் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டார்கள்.

கடைசியாக என் மதிப்பீடு. சுருட்டுக்கு மதிப்பெண் போடுகிற தாளில் வழக்கமாக நான்கு வரிசை இருக்கும். தோற்றம், எரிகிற விதம், சுவை, மொத்தத்தில் எப்படி. அந்த ஹாஃப் கரோனாவுக்கு நான்கிலும் நல்ல மதிப்பெண் கொடுப்பேன். இரண்டாவது பாகத்தின் அந்த மரப்பட்டறை மணம் உண்மையிலேயே அழகு. அதை மறைத்துப் பேசினால் என் நோயாளிகள் எதற்காக அதைத் தேடிப் போனார்கள் என்பதே எனக்குப் புரியாமல் போகும். புரியாத நர்ஸ் அவர்களைத் திட்டத்தான் செய்வாள்.

ஐந்தாவதாக ஒரு வரிசையை நான் சேர்க்கிறேன்: வாய். சுவைத்து முடித்தபின் கண்ணாடி முன்னால் நின்று, வெளிச்சத்தில் உதட்டைப் பிரித்து, கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, இரண்டு ஓரம், மேலண்ணம் எல்லாவற்றையும் பாருங்கள். வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ, மூன்று வாரமாக ஆறாத புண்ணோ, விழுங்கும்போது உறுத்தலோ, மாறிப்போய்த் திரும்பாத குரலோ இருந்தால் பல் மருத்துவரிடமோ குடும்ப மருத்துவரிடமோ போங்கள். 'வெற்றிலை போட்டது, சூடு பிடித்தது' என்று தள்ளிப்போடாதீர்கள். சீக்கிரம் வந்தவர்கள் ரசத்தை ரசமாகவே சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறார்கள். நான் அவர்களை வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனையில் பார்க்கிறேன்.

என் நேரம் முடிந்துவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். சுருட்டைப் பற்றியும் கேட்கலாம், வாயைப் பற்றியும் கேட்கலாம்.